உன் மாமாவிடம் நான் சொன்ன செய்தி

அன்பு மகளே,

நேற்றுக் காலை உன்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, நீ பாதியில் வைத்துவிட்டுப் போன காப்பி டம்ளர் அடுப்பு மேடையிலேயே இருந்தது. அதைக் கழுவ மனசு வராமல் பார்த்துக்கொண்டே நின்றேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். உன் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. இரண்டு நாள் இருந்தாய். இந்தப் பக்கம் மழை உண்டா என்று கேட்டாய், இல்லை என்றேன். பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேனா என்று கேட்டாய், போடுகிறேன் என்றேன். பஸ் கிளம்பும்போது "வாரேம்மா" என்றாய். உன் வீட்டைப் பற்றி, உன் வேலையைப் பற்றி, உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹைதராபாத்தில் நீங்கள் வீடு மாறியதைக்கூட மாப்பிள்ளை ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குறையாகச் சொல்லவில்லை, கண்ணு. அம்மாவிடம் எதையும் சொல்லக் கூடாது என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

இந்தக் கடிதத்தை உனக்கு உடனே அனுப்பப் போவதில்லை. எப்போது தருவேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். படித்துவிட்டு நீ சரி என்றால் வெளியிலும் நாலு பேர் படிக்கட்டும். நம் தெருவில் மட்டும் சென்னை, பெங்களூர் என்று கம்பெனி வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, அது என்ன வேலை என்று தெரியாமல் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிற அம்மா அப்பாக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களில் ஒருத்திக்காவது இது உதவும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் கிராமத்து நர்ஸாக வேலை பார்த்த கதை உனக்குப் புதிதில்லை. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் சில வருஷம், நரிக்குடிப் பக்கம் சில வருஷம், கடைசியில் திருச்சுழிப் பக்கம். வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், உண்டான பெண்களுக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, எடை பார்த்து எழுதுவேன். ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்றால் அவள் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். யாருக்குக் கரு தங்கவில்லை, யாருக்குக் கல்யாணத்துக்கு முன்பே நாள் தள்ளிப்போனது, யார் வீட்டு மருமகள் உடம்பில் காயத்தோடு வந்து நின்றாள், எல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஊர்களில் எனக்கு நல்ல பெயர் இருந்தது என்றால் ஊசி வலிக்காமல் போட்டதற்காக இல்லை. உன்னைக் கேட்டால் தெரியும், என் ஊசி வலிக்கும். வாயைத் திறக்கமாட்டேன் என்பதற்காகத்தான் அந்தப் பெண்கள் என்னிடம் வந்தார்கள்.

உன் மாமாவிடமே வாயைத் திறக்காதவள் நான். அத்தையின் தம்பிக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பெண் பார்த்தார்கள். நீ அப்போது சின்னப்பிள்ளை. மாமா நேராக என்னிடம் வந்தார்.

"ஒனக்குத் தெரியாததாத்தா? அந்தப் புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் உண்டா? வெளிய சொல்ல மாட்டேன், எங்கிட்ட மட்டும் சொல்லு."

"எங்கிட்டக் கேக்காதீகண்ணே."

"கூடப் பொறந்தவகிட்டக் கேக்காம வேற யாருகிட்டப் போயிக் கேக்கச் சொல்ற?"

"யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. எங்கிட்டக் கேக்காதீக."

கோபித்துக்கொண்டு போனவர் ரொம்ப நாள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. தங்கமான உடம்பு. 'ஒன்றும் இல்லை' என்று சொல்லியிருக்கலாமே என்று உன் அப்பாகூடக் கேட்டார். இன்றைக்கு இந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை என்று சொன்னால், நாளைக்கு இன்னொரு பெண்ணைப் பற்றிக் கேட்டு நான் பேசாமல் இருக்கும்போது அந்த மௌனமே பதிலாகிவிடும் என்றேன். அவ்வளவு விவரமாக இருந்தவள்தான் உன் விஷயத்தில் கோட்டை விட்டேன். ஏன் என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பெண்களின் விஷயங்களுக்கு ஒரு முகம் இருந்தது. அவர்கள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். கம்பெனிக்கு முகம் ஏது? அதற்கு மானம் போகுமா, அது மருந்தைக் குடிக்குமா என்று நினைத்துவிட்டேன்.

உனக்கு இந்த மாப்பிள்ளை அமைந்த வருஷம். ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள். நீ சென்னையிலிருந்து போன் பண்ணி, இப்போது முடியாது, தள்ளி வையுங்கள் என்றாய். என்ன வேலை என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்றாய். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குவதற்கு முன் கணக்கு வழக்கைச் சரிபார்த்துக் கொடுக்கிற அலுவலகம் உன்னுடையது என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். அதற்கு மேல் நீ சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. அன்றைக்கு விடாமல் கேட்டேன். பெற்றவளிடம் சொல்லக்கூடாத வேலை என்ன வேலை என்று கேட்டேன். வேறு யாரையும் மனசில் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். நீ போனிலேயே அழுதுவிட்டாய்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. நம்ம பக்கத்துக் கெணத்துலயெல்லாம் ஓடுதே, அந்த மோட்டார் கம்பெனிய ஒரு பெரிய கம்பெனி வாங்கப் போகுது. அந்தக் கணக்கத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அறிவிப்பு வார வரைக்கும் லீவு கேக்க முடியாது. இத ஒங்கிட்டச் சொன்னதே தப்பு. யாருகிட்டயும் மூச்சு விட்றாதம்மா."

உன் அழுகை என் காதில் விழவே இல்லை, மகளே. அட, இவ்வளவுதானா என்று நிம்மதியாகிவிட்டது எனக்கு. மகளுக்குக் காதல் கீதல் இல்லை, வேலைதான். அந்த நிம்மதியில், நீ என்னிடம் சொன்னது என்ன, அதைச் சொல்ல வைத்தது எது என்று யோசிக்கவே இல்லை. நீ ஒரு தப்புச் செய்தாய் என்றால் உன்னைக் கழுத்தைப் பிடித்து அதில் தள்ளியவள் நான். நான் வற்புறுத்தித்தான் வாயைத் திறந்தாய் என்பதைப் பிறகு உன் அலுவலகத்தில் சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கமாட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பாளையம்பட்டியில் சிமெண்ட், கம்பி, பைப்பு விற்கிற கடையை மத்தியானம் அடைத்துவிட்டு, சாப்பிடாமல்கூட வந்திருந்தார். நம் பக்கத்தில் தாய்மாமனைக் கேட்காமல் ஒரு பெண்ணுக்குத் தேதி வைக்கிற பழக்கம் கிடையாது. வைத்த தேதியைத் தள்ளினாலும் அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதிலும் உன் மாமா வெறும் தாய்மாமன் இல்லை. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்குக் காது குத்தினோம். உன் அப்பா போன பிறகு உன் காலேஜ் சேர்க்கைக்குப் போய் வரிசையில் நின்றவர் அவர்தான். அவருக்குத் தேதி தள்ளிப்போன செய்தி மாப்பிள்ளை வீட்டு ஆள் மூலமாகத் தெரிந்திருக்கிறது. முகம் சுண்டிப் போயிருந்தது.

"அவளுக்கு வேலைண்ணே" என்றேன்.

"வேலை எல்லாருக்குந்தேன் இருக்கு. எங்கிட்ட மறைக்கிற சங்கதின்னா அப்ப ஏதோ தப்பாத்தேன் இருக்கு. நான் யாருத்தா இந்த வீட்டுக்கு?"

நான் யார் என்று அண்ணன் கேட்டுவிட்ட பிறகு எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நீ என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். கம்பெனி பெயரையும் சேர்த்துச் சொன்னேன். யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்று நீ சொன்னதையும் சொன்னேன். மூச்சு விட்டுக்கொண்டே அதைச் சொன்னேன், பார். மாமாவின் முகம் தெளிந்தது. "அப்ப பாப்பா பெரிய எடத்துலதேன் இருக்கா" என்று சிரித்தார். அன்றைக்கு இரண்டு தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். அண்ணன் மனசு ஆறிவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் மாமா போனில் பங்கு வாங்கி விற்பார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. பெரிதாக ஒன்றும் போடமாட்டார். அந்தத் தடவை போட்டார். எனக்குத் தெரியாமலும் போடவில்லை. கொஞ்ச நாள் கழித்துக் கடைக்குப் போயிருந்தபோது அவரே சொன்னார். "பாப்பா சீருக்கு ஒரு வழி பண்ணிட்டேன்த்தா. அந்த மோட்டார் கம்பெனியில கொஞ்சம் வாங்கிப் போட்டுருக்கேன். அறிவிப்பு வந்துச்சுன்னா ஏறும்ல, அதுல அவளுக்கு நகை எடுத்துருவேன்." யாரிடமும் மூச்சு விடாதே என்று நீ சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வரத்தான் செய்தது. வெளியில் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லதுதாண்ணே" என்றேன். விற்றுவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மகளுக்கு நகை என்றதும் என் வாய் அடைத்துவிட்டது. பேராசைக்காரர் என்று மாமாவைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் வாங்கியது உனக்காக. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வேதனை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

இனி ரசாக் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது உனக்கு முழுசாகத் தெரியாது. நரிக்குடி ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த மருந்தாளுநர். மாமாவுக்கு அதற்கும் முன்பே சிநேகிதர். ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் அஸர் தொழுகை முடித்துவிட்டு மாமா கடைக்கு வந்து சிமெண்ட் மூட்டை மேல் ஒரு பேப்பரை விரித்து உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேரும் டீ குடித்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். துபாயில் இருக்கிற அவர் மகன், அவர் பெயரில் என்றைக்கோ கொஞ்சம் பங்கு வாங்கிப் போட்டிருந்தான். அதில் அந்த மோட்டார் கம்பெனியும் ஒன்று. ஏறாமல் இறங்காமல் வருஷக்கணக்கில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய வீட்டம்மாவுக்கு மதுரையில் இதய ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. ரசாக் அண்ணன் கடையில் உட்கார்ந்து மாமாவிடம் கேட்டிருக்கிறார்.

"அந்த மோட்டாரு கம்பெனிய வித்துறலாம்னு பாக்குறேன். ஒங்களுக்குத்தேன் இதெல்லாம் தெரியும். என்ன சொல்றீக?"

மாமா என்ன சொல்வார்? விற்காதீர்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். பாப்பா பெயர் வெளியே வரும். விற்றுவிடுங்கள் என்று சொல்ல மனசு வராது. "ஒங்க இஷ்டம் பாய்" என்று சொல்லிவிட்டு, வராத வாடிக்கையாளரை எதிர்பார்ப்பது போல ரோட்டைப் பார்த்திருக்கிறார். ரசாக் அண்ணன் விற்றுவிட்டார். அன்றைக்கு மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார் என்று அத்தை பிறகு சொன்னாள். உன் செய்தியை மாமாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்தேன். சிநேகிதனிடம் பேசவும் முடியாமல், பேசாமல் இருக்கவும் முடியாமல் அவரைக் கட்டிப்போட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அறிவிப்பு வந்தது. பேப்பரில் போட்டார்கள். பங்கு ஏறியது. மாமா ஒரு கிலோ மிட்டாயோடு வந்தார். ரசாக் அண்ணனும் அந்த மிட்டாயைச் சாப்பிட்டார். "நம்ம ராசி அப்படி. வித்த மறுவாரம் ஏறுது பாருங்க" என்று சிரித்தாராம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ என்னைவிட நன்றாக அறிவாய். அறிவிப்புக்கு முன்னால் யார் யார் வழக்கத்துக்கு மீறி வாங்கினார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கடைக்காரர், அதுவரை இல்லாத அளவுக்கு வாங்கியது அவர்கள் கண்ணில் பட்டது. நீ வேலையில் சேர்ந்தபோது நெருங்கிய சொந்தக்காரர்கள் யார் என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். அப்பா இல்லாத பிள்ளை நீ. அந்த இடத்தில் மாமா பெயரைச் சொல்லியிருந்தாய். அவர் மேல் நீ வைத்திருந்த பாசமே அவரைக் காட்டிக்கொடுத்தது.

உன்னை அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மாமாவும் நானும் பேசினோம். டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன், பாப்பா பெயரே வராது என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. வெட்கமில்லாமல் உனக்குப் போன் போட்டேன்.

"நீ எங்கிட்ட ஒன்னுமே சொல்லலன்னு சொல்லிரு கண்ணு."

"சொன்னேனேம்மா."

"எனக்காகச் சொல்லு."

அதற்கு நீ சொன்னாய்: "ஒனக்காகத்தாம்மா அன்னைக்குச் சொன்னேன்."

அந்த ஒரு வார்த்தையை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். நடந்ததை நடந்தபடி போய்ச் சொன்னாய். அம்மாவிடம் சொன்னேன், அம்மா மாமாவிடம் சொன்னாள் என்று சொன்னாய். வேலை போனது. அவ்வளவு படித்து, அவ்வளவு தூரம் போய், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து வாங்கிய பெயர் போனது. இனி அந்த மாதிரி அலுவலகம் எதிலும் உன்னைச் சேர்க்கமாட்டார்கள் என்று மாப்பிள்ளைதான் எனக்கு விளக்கினார். மாமா லாபத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தது, அபராதமும் கட்டினார். கடைக்குப் பின்னால் குடோன் கட்டுவதற்கு என்று வைத்திருந்த இடம் போனது. "வளத்த புள்ளை காட்டிக் குடுத்துருச்சே" என்று என் எதிரிலேயே ஒரு தடவை சொன்னார். நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவள் காட்டிக்கொடுக்கவில்லை, நான்தான் அவளைக் காட்டிக்கொடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டேன். திறக்க வேண்டிய இடத்தில் மூடி, மூட வேண்டிய இடத்தில் திறந்த வாய் இது.

உன் கல்யாணம் திருச்சுழியில் சின்னதாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். எல்லாம் தெரிந்தும் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. ஐயர் "தாய்மாமன் வாங்க" என்று கூப்பிட்டபோது மாமா சமையல் கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வந்தார். மாலையைப் போட்டார். நீ "மாமா" என்றாய், எனக்குக் கேட்டது. அவர் உன் முகத்தைப் பார்க்காமல் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டார். பந்தியில் தேடினேன், ஆளைக் காணோம். தாய்மாமன் சாப்பிடாமல் போன கல்யாணம் உன்னுடையது. உன் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து, ஓமப் புகை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

ரசாக் அண்ணனுக்கு விஷயம் ஊர் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எதிரில் வந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர்தான் நிறுத்திப் பேசினார். வீட்டம்மா ஆபரேஷன் முடிந்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். மகன் பணம் அனுப்பிச் சமாளித்துவிட்டான் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டே, "மன்னிச்சிருங்கண்ணே, ஒங்ககிட்டச் சொல்ல முடியாமப் போச்சு" என்றேன்.

"சொல்லலன்னு எனக்கு வருத்தமில்ல தங்கச்சி. அது பாப்பா வேலை சம்பந்தப்பட்டது, சொல்லக் கூடாது. நாமளும் ஆஸ்பத்திரியில எத்தனைய வெளிய சொல்லாம இருந்துருக்கோம். ஒங்க அண்ணன் எங்கிட்டச் சொல்லாம இருந்துருந்தா அவரு மேல மரியாதை கூடிருக்கும். சொல்லாம இருந்துக்கிட்டே அவரு மட்டும் வாங்குனாரு பாருங்க, அதத்தேன் தாங்க முடியல."

இத்தனை விசாரணையில், இத்தனை பேர் விளக்கியும் எனக்குப் பிடிபடாதது அன்றைக்குப் பிடிபட்டது. மாமாவுக்கு விற்றது ரசாக் அண்ணன்தான் என்று சொல்ல முடியாது. யாரோ, எந்த ஊரோ. ஆனால் வாங்குகிறவர் ஒருவர் இருந்தால் விற்கிறவர் ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும். அந்த யாரோவுக்கும் ஒரு வீட்டம்மா இருப்பாள், ஒரு செலவு வந்திருக்கும், வாங்குகிறவருக்கும் தன்னைப் போலவே எதுவும் தெரியாது என்று நம்பித்தான் விற்றிருப்பார். இரண்டு பேருக்கும் தெரியாது என்றால் அது வியாபாரம். ஒருவருக்கு மட்டும் தெரியும் என்றால், அதுவும் சொல்லக்கூடாத இடத்திலிருந்து தெரிந்தது என்றால், எதிரில் இருப்பவரின் கண்ணைக் கட்டிவிட்டு அவர் பையில் கைவிடுவதுதான். கம்பெனிக்கு முகம் இல்லை என்று நினைத்தேனே, அதன் முகம் ரசாக் அண்ணன் முகமாக எனக்கு முன்னால் நின்றது.

நல்ல செய்தி என்றால் சொந்தத்துக்குள் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் நான் வளர்ந்தேன். சொல்லாதவளைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். அந்தப் பழக்கத்தை முழுசாகத் தப்பு என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை. நம் பக்கத்தில் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டதால்தான் பல குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் சொல்வதற்கு முன்னால் அது யாருடைய செய்தி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உன் அலுவலகத்துச் செய்தி உன்னுடையது இல்லை, உன்னிடம் விட்டு வைத்தது. என்னுடையது நிச்சயமாக இல்லை. நாளைக்கு உன் பிள்ளைகள் வேலைக்குப் போய், "சொல்லக் கூடாதும்மா" என்று சொன்னால், சரி என்று விட்டுவிடு. பாசத்தைக் காட்டி வாயைப் பிடுங்காதே. உன் புருஷனிடமும் பிடுங்காதே. தெரியாமலே போய் உன் காதில் ஏதாவது விழுந்துவிட்டால், அதை வைத்து எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், தெரிந்துவிட்டதே என்று கையைக் கட்டிக்கொண்டு இரு. நஷ்டம் வந்தால் வரட்டும். இப்போது பார்க்கிற வேலை உனக்குச் சின்ன வேலைதான். உன்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் உனக்கு மேலே இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதைக் கேட்டு நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். முந்தாநாள் நான் தாளித்தபோது நீ மூக்கைப் பொத்தாமல், சும்மா காற்று வாங்கப் போகிறவள் மாதிரி வாசலுக்குப் போனாய். காப்பியைப் பாதியில் வைத்தாய். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாய். கண்ணுக்குக் கீழே, கழுத்தில், எனக்குத் தெரியாத அடையாளமா? நீ உண்டாகியிருக்கிறாய். வாழ்நாள் முழுக்க ஊராரின் மகள்களுக்கு நான் முதலில் பார்த்துச் சொன்ன செய்தி. என் மகள் என்னிடம் சொல்லாமல் மறைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள். எவ்வளவு நாள் என்று கேட்க வாய் வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இது உன் செய்தி. நீ சொல்லும்வரை எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் உன் பையைப் பிடுங்கி நானே தூக்கி வந்தேன். பின்சக்கரத்துக்கு மேல் இருந்த சீட்டில் நீ உட்காரப் போனபோது, முன்னால் போய் உட்கார், அங்கே காற்று வரும் என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதோ என்ற பார்வை. நான் டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீயாக என்னிடம் சொல்லும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். அதுவரை பீரோவில் உன் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கும்.

இன்றைக்கு மத்தியானம் மாமா வந்தார். என்னோடு பழையபடி பேசுகிறார். உன்னிடம்தான் பேசுவதில்லை. உன்னைப் பற்றிக் கேட்காமல் ஒரு நாளும் போனதில்லை. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார், கண்ணு.

"பாப்பா வந்துட்டுப் போனாளாமே."

"ஆமாண்ணே."

"ஏதும் விசேஷமாத்தா?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் வெயிலில் வந்திருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அங்கேயே போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டிருப்பார். இத்தனை நாள் மனஸ்தாபம் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். எனக்குத் தெரியும். உனக்கு அவரும், அவருக்கு நீயும் திரும்பக் கிடைத்திருப்பீர்கள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. என்னிடம் கேட்காதீர்கள் என்று பழையபடி சொன்னாலும் அதுவே பதிலாகிவிடும்.

"அவ எங்கிட்ட ஒன்னும் சொல்லலண்ணே" என்றேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "ஒங்கிட்டயுமா?"

"எங்கிட்டயுந்தேன்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரிடம் நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, மகளே.

உன் அம்மா